பிரெஞ்சுக் கடிதமும் எட்டு அணுக்களும்

போன மாதம் பழைய தாலுகா ஆபீஸ் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், நானும் உங்களைப் போலத்தான். ஆபீஸில் கூட்டல் கழித்தலுக்கு மேல் கணக்குப் போட்டவனில்லை. அந்தக் கூட்டல் கழித்தலே போதும் என்று தெரிந்த பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

வளையம் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். இதே கணக்கில், எட்டு குரோமிய அணுக்கள் வட்டமாக நிற்கிற ஒரு மூலக்கூறு உண்டு. நடுவில் மலை இல்லை, காலியிடம்தான். பக்கத்துப் பக்கத்து அணுக்களை புளோரினும், கரிமப் பொருள் துண்டுகளும் கைகோத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு குரோமியமும் ஒரு குட்டிக் காந்தம். இந்த எட்டுக் காந்தங்களும் ஒன்றுக்கொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்று அறிவதற்காகவே உலகத்தில் சிலர் ஆயுளைச் செலவிடுகிறார்கள்.

இது என் காதுக்கு எப்படி வந்தது என்றால், எனக்கு பிரெஞ்சு தெரியும் என்பதால்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிறகு தமிழ்நாட்டு அரசுத் தேர்வு எழுதி, திருவண்ணாமலை இன்னும் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தபோதே இங்கே குமாஸ்தாவாக வந்து சேர்ந்தேன். ஆபீஸில் அந்த பிரெஞ்சால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் ஊரில் யாருக்காவது பிரான்ஸிலிருந்து கடிதம் வந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். புதுச்சேரி சொல்தா பென்ஷன் காகிதம், ஆசிரமத்துக்கு வந்து போன வெள்ளைக்காரர் எழுதிய நன்றிக் கடிதம், இப்படி.

அப்படித்தான் ஒரு நாள் காலை தேரடித் தெருவில் வளையல் கடை வைத்திருப்பவர் வந்தார். கூடவே அவர் மகள். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பெண். அவர் கையில் இரண்டு கவர்கள்.

"சார், இது கவர்மென்ட் ஆர்டரு. குரூப் ஃபோர்ல இளநிலை உதவியாளர் போஸ்டிங் வந்திருக்குது. இது பிரான்ஸ்லேர்ந்து. இதுல எவ்ளோ பணம் கட்டச் சொல்றான்னு பாருங்க."

பிரெஞ்சுக் காகிதத்தைப் பிரித்தேன். கிரெனோபிள் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. பேராசிரியரோடு அவள் ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் நிர்வாகக் காகிதம் நிர்வாகத்தின் பாஷையில்தானே வரும். நடுவில் பெரிய தொகை ஒன்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கிறது.

"இது நீங்க கட்டுற பணம் இல்லீங்க. அவங்க குடுக்கிற சம்பளம். 'ப்ருத்'னு போட்டிருக்கிறது பிடித்தத்துக்கு முந்தின தொகை. 'நெத்'னு போட்டிருக்கிறது கைக்கு வர்றது" என்றேன்.

சம்பளப் பட்டியல் எந்த பாஷையில் இருந்தாலும் குமாஸ்தாவுக்குப் புரியும். 'கொந்த்ரா தொக்தொரால்' என்றால் முனைவர் பட்டத்துக்கான பணி ஒப்பந்தம். மூன்று வருஷம். கீழே இன்னொரு சொல் இருந்தது, 'அ துய்ரே தெத்தெர்மினே'. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று அர்த்தம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப பெர்மனென்ட் இல்லியா?" என்றார் உடனே.

"இல்லை."

"அந்த கவர்மென்ட் வேலை?"

"அறுபது வயசு வரைக்கும்."

அவர் கவரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வேலையில சேர இன்னும் பத்து நாள்தான் இருக்குது சார். நீங்களே அந்த வேலைய பார்த்தவரு. நீங்க சொன்னா இவ கேப்பா."

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நான், "எனக்கு நாலு நாள் டைம் குடுங்க. இவ என்ன படிக்கப் போறான்னு தெரியாம நான் எதைச் சொல்றது?" என்று அனுப்பி வைத்தேன். அவள் என் பேரனுடைய பழைய லேப்டாப்பில் சில கட்டுரைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். அந்த நாலு நாள் நான் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் எனக்குத் தட்டுப்பட்டது, இந்த வழியில் முன்னால் நடந்தவர்களில் இரண்டு பேர் நம்மவர்கள் என்பது.

ஒருவர் சர் சி.வி. ராமன், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். அவர் நோபல் பரிசு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அவர் நம் ஜாதி, அதாவது கணக்குப் பிள்ளை ஜாதி என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. 1907-இல், பதினெட்டு வயதில், கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார். ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். பத்து வருஷ சர்வீஸ்!

இன்னொருவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்து, கல்கத்தாவில் ராமனிடம் போய்ச் சேர்ந்தவர்.

ராமன் விளைவு என்பது என்ன? ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்புகிறோம். சிதறி வெளியே வருகிற ஒளியில் ஒரு மிகச் சிறிய பங்கு, போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்த ஆற்றலோடு வருகிறது. குறைந்தது எங்கே போயிற்று? மூலக்கூறு எடுத்துக்கொண்டது. எவ்வளவு எடுத்தது என்று பார்த்தால் அது எப்படிப்பட்ட மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். இருப்பில் துண்டு விழுவதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இது. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் மூளைக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன். 1928 பிப்ரவரி 28-இல் அது உறுதியானது. நேச்சர் பத்திரிகையில் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன.

அதற்கு முந்தின வருஷமே அவர்கள் இருவரும் சேர்ந்து வளையத்தின் காந்தத்தைத் தொட்டுவிட்டார்கள். ஐமே கொத்தோன், ஆன்ரி மூத்தோன் என்று இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், சில திரவங்களைப் பலமான காந்தத்துக்கு நடுவில் வைத்து ஒளியை அனுப்பினால், ஒளி இரண்டு விதமான வேகத்தில் பிரிந்து போகிறது என்று 1907-இல் கண்டிருந்தார்கள். பென்சீன் என்பது ஆறு கார்பன் அணுக்களால் ஆன தட்டையான வளையம். காந்தத்துக்கு நடுவில் அந்த வளையங்கள் மிக மிக லேசாக ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. அதனால்தான் ஒளி அப்படி நடந்துகொள்கிறது. வளையத்தின் பரப்புக்கு நேர்குத்தான திசையில் அதன் காந்தத் தன்மை ஒரு மாதிரி, பரப்புக்குள் வேறு மாதிரி என்று ராமனும் கிருஷ்ணனும் கணக்கிட்டார்கள். இதைப் பற்றி 1927-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஏட்டில் அவர்கள் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள், பிரெஞ்சில்! இரண்டு தமிழர்கள் எழுதிய பிரெஞ்சுக் குறிப்பு. அறுபது வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்திருப்பேன்.

கிருஷ்ணன் அதோடு விடவில்லை. டாக்காவிலும், பிறகு மறுபடி கல்கத்தாவிலும் இருந்தபோது, சிறிய படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் நூலில் கட்டி, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். நூலை மேலே மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டம் வரை படிகம் காந்தத்தின் பிடியிலேயே நிற்கும். அந்தக் கட்டம் தாண்டியதும் சட்டென்று திரும்பிவிடும். எத்தனை சுற்று முறுக்கினோம் என்பதிலிருந்து படிகத்தின் காந்தக் குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். அவர் தொங்கவிட்டவற்றில் நாப்தலீன் உண்டு. நம் பீரோவில் போடுகிற அந்துருண்டைதான், இரண்டு வளையம் ஒட்டிய மூலக்கூறு. நம் தோட்டக்காரர்கள் பூஞ்சைக்கு அடிக்கிற மயில்துத்தமும் உண்டு. இங்கிலாந்தில் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற அம்மையாரோடு சேர்ந்து 1936-இல் அவர் எழுதிய கட்டுரை, படிகத்தின் காந்தக் குணத்திலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க வழி சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்து 1961-இல் காலமானார்.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஓடுவதால்தான் இந்தக் காந்தக் குணம் என்பது பிறகு தெளிவானது. 1956-இல் ஜான் போப்பிள் என்பவர், காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் பென்சீனின் ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் இடம் தள்ளித் தெரிகின்றன என்பதற்கு இதே வளைய ஓட்டத்தைக் காரணமாகச் சொன்னார். இன்று மருந்து தயாரிக்கிற கம்பெனிகளில் ஒரு புதுப் பொருளின் அமைப்பைச் சரிபார்க்கும்போது அந்த இடம் தள்ளலைத் தினமும் பார்க்கிறார்கள்.

வளையத்துக்குள் உலோகம் உட்கார்ந்தால் இன்னும் சுவாரசியம். நம் ரத்தத்தில் இருப்பதே அதுதான். ஹீமோகுளோபினில் நான்கு வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக இழுக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினை லேசாகத் தள்ளும். லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெலும் 1936-இல் இதைக் காட்டினார்கள். காந்தக் குணம் மாறும்போது நிறமும் மாறுகிறது. 2021-இல் கொரோனா இரண்டாவது அலையில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டு 95-ஆ 92-ஆ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்தக் கருவி செய்ததும் நிறமாலை வேலைதான். சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. இரண்டில் எது எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்த்து, எத்தனை வளையத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடும்.

இனி அந்தப் பெண் படிக்கப் போகிற வளையத்துக்கு வருவோம். இதில் உலோக அணுக்களே வட்டமாக நிற்கின்றன. 1990-இல் அமெரிக்காவில் டாஃப்ட், லிப்பார்ட் என்ற இருவர் பத்து இரும்பு அணுக்களை வட்டமாகக் கோத்து, நம் தீபத் திருவிழாவில் சுற்றுமே, அந்த ராட்சத ராட்டினத்தின் ஆங்கிலப் பெயரைச் சிலேடையாக அதற்கு வைத்தார்கள். பிறகு எட்டு குரோமியம் வளையம் பிரபலமானது.

இதற்குள் காந்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரெனோபிளில் நியூட்ரானைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே லௌவே-லாஞ்வென் ஆய்வகம் என்று 1967-இல் தொடங்கிய பெரிய நிலையம் இருக்கிறது. ஓர் அணு உலை நியூட்ரான்களைத் தருகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் தானே ஒரு குட்டிக் காந்தம். வளையத்துக்குள் நுழைந்து, அங்கிருக்கிற காந்தங்களை அசைத்துவிட்டு, அதற்கான ஆற்றலைக் கொடுத்துவிட்டு வெளியே வரும். எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். ராமன் ஒளியை வைத்துப் பார்த்த அதே துண்டு விழும் கணக்கு. எட்டு குரோமியம் வளையத்தை அங்கே இப்படி விரிவாக அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். அதே ஊரில் வேலை பார்த்த லூயி நேயெலுக்கு 1970-இல் நோபல் கிடைத்ததற்கு ஒரு காரணம், பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும் பொருள்களைப் பற்றி அவர் சொன்னது.

நாலாவது நாள் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். நான் கோடு போட்ட முழுத்தாளில் இரண்டு பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் அரசு வேலை: சம்பளம், அகவிலைப்படி, அறுபது வரை நிச்சயம், எங்கள் காலத்துப் பென்ஷன் இப்போது சேருகிறவர்களுக்கு இல்லை. வலது பக்கம் கிரெனோபிள்: மூன்று வருஷச் சம்பளம், மருத்துவப் பாதுகாப்பு, பட்டம், அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் ஏதுமில்லை. வாசித்துக் காட்டினேன்.

அப்பா இரண்டாவது பத்தியைப் பார்த்து, "அப்படி என்னாதான் இருக்குது அந்த வளையத்துல?" என்று மகளைக் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

அவள் என் மேஜையில் கிடந்த ஒரு ரூபாய்க் காசு எட்டை எடுத்து வட்டமாக வைத்தாள். ஒன்று தலை, அடுத்தது பூ, அடுத்தது தலை.

"அப்பா, ஒவ்வொரு குரோமியத்துலயும் மூணு சின்ன காந்தம் இருக்கு. தலைன்னா மேல பார்க்குது, பூன்னா கீழ பார்க்குது. மேல எவ்ளோ?"

"நாலு மூணு பன்னெண்டு."

"கீழ?"

"பன்னெண்டு. நேராப் போச்சு. கையில ஒண்ணும் நிக்கல."

அவள் பூ பார்த்த காசு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ரூபாய்க் காசை வைத்தாள். "இது நிக்கல். இதுக்கு ரெண்டு காந்தம்தான். இப்ப?"

வளையல் கடைக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மேல பன்னெண்டு. கீழ மூணு மூணு ஒம்போது, ரெண்டு பதினொண்ணு. ஒண்ணு நிக்குது."

"அந்த ஒண்ணுதான்பா. அதை மான்செஸ்டர்ல செஞ்சாங்க. அந்த ஒண்ணு மேலயும் நிக்கலாம், கீழயும் நிக்கலாம், ரெண்டும் கலந்தும் நிக்கலாம். அதை வெச்சு புது விதமான கம்ப்யூட்டருக்கு கணக்கு எழுத முடியுமான்னு பார்க்கிறாங்க."

"எழுதிட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா. அதுக்குத்தான் ஆள் வேணும்."

நான் அவளிடம் நியூட்ரானைப் பற்றிக் கேட்டேன். "தாத்தா, நம்ம கடைல ஐநூறு ரூபா நோட்டு குடுத்துட்டு மீதி வாங்கிட்டுப் போறவங்களைப் பார்த்தா, பில்லைப் பார்க்காமலே எவ்ளோவுக்கு வாங்கினாங்கன்னு சொல்லிடலாம். அதேதான். ஒரே வித்தியாசம், அணு கடைல பேரம் கிடையாது. நிர்ணயிச்ச விலைதான்" என்றாள். அப்பா லேசாகச் சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி சார். நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

உண்மையைச் சொன்னேன். "எனக்கு அந்த வயசுல ஒரு கடிதம்தாங்க வந்தது. அதை எடுத்தேன். அதுல என் குடும்பம் நின்னுது, பிள்ளைங்க படிச்சாங்க. அந்த வேலைய நான் ஒரு நாளும் குறைச்சுப் பேசமாட்டேன். ஆனா உங்க பொண்ணுக்கு ரெண்டு கடிதம் வந்திருக்கு. ரெண்டும் அவ உழைச்சு வாங்கினது. எதுன்னு நான் சொல்லக்கூடாது. அவ வேற தேர்வு எழுதணும்னாலும் மூணு வருஷம் கழிச்சு எழுதலாம். வயசு வரம்பு ஒத்துவருதான்னு மட்டும் நான் பார்த்துச் சொல்றேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கடைப் பக்கம் போனபோதும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, விசாவுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், எதை பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டார். அவர் மனைவியின் சங்கிலி டிக்கெட்டுக்காக அடகுக்குப் போயிருந்தது. அது இன்னும் மீட்கப்படவில்லை. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

போவதற்கு முன் மூன்று வாரம், தினம் ஒரு மணி நேரம் என்னிடம் பிரெஞ்சு படித்தாள். காந்தத்துக்கு பிரெஞ்சில் 'எமான்' என்றதும் அவள் அகராதியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அன்பு செலுத்துறதுக்கும் இதே சொல்லா?" என்றாள். வேர் வேறு, உச்சரிப்பும் எழுத்தும் ஒன்று என்று சொன்னேன். காந்தம் என்பதைவிட அது லேசில் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி. முதல் தடவை சொந்தமாக ஒரு படிகம் வளர்த்திருக்கிறாள். பச்சை நிறமாம், எள் அளவுதானாம். நியூட்ரான் முன்னால் வைக்க அது போதாது, இன்னும் பெரிதாக வேண்டும், மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா கடையில் வைத்தே அதை எனக்குப் படித்துக் காட்டி, "எள்ளுனா சும்மாவா சார்? எண்ணெய் அதுலேர்ந்துதானே வருது" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது பிரெஞ்சுக் காகிதம் வந்தால், தொகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம், தெருவில் நடக்க முடியாது.